நான்கு மணி பஸ் நிற்காத நாள்

அருள்,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, பினாங்கு வேலைக்குப் போகப் போவதில்லை என்று நீ அப்பாவிடம் சொன்னாய். "ஏன்டா, நல்ல வேலதானே?" என்றார் அவர். "அண்ணன யாருப்பா பாத்துக்குவா? நீங்க லோரி எடுத்துட்டுப் போனா ரெண்டு நாளு வர மாட்டீங்க. அம்மாவுக்கு வேல. நான் இங்கயே மில்லுல இருந்துக்கிறேன் லா. வெள்ளிக்கெழமக்குள்ள பதில் கேட்டிருக்காங்க, வேணாம்னு எழுதிடுறேன்" என்றாய். உன் அண்ணன் ஜெபா உனக்கு எதிரில் உட்கார்ந்து இடது கையால் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தான். வலது மணிக்கட்டு உடைந்து கோணலாகச் சேர்ந்த பிறகு அவன் இடது கையால்தான் சாப்பிடுகிறான். நீ அந்தக் கையைப் பார்த்தாய், பிறகு உன் தட்டைப் பார்த்தாய். நான் ரசம் எடுக்க எழுந்து போனேன். இந்த இரண்டு வருடமாக அந்தக் கையைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ரசம் எடுக்கவோ, காயப்போட்ட துணியை எடுக்கவோ ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.

நீ அந்தப் பதிலை எழுதுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை உன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பத்தொன்பது வயதில் உன் அண்ணனையும் அடுத்த வருடமே உன்னையும் பெற்றவள் நான். பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அம்மாவாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். பட்டணத்து நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை கிடைத்த பிறகு படித்தேன், நிறையப் படித்தேன். படித்தது எதையும் யாரிடமும் பேசியதில்லை. அதனால் இதையும் தாளில்தான் எழுத முடிகிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. அண்ணன் போய்வந்த மையத்தில் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அங்கே பெற்றோருக்காக ஏதாவது எழுதிப் படிக்கும்படி மையத்து ரோஸ்லின் டீச்சர் சொன்னார். "அன்புள்ள பெற்றோரே" என்று மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் என்னை நானே காப்பாற்றிக்கொள்ளும் வாக்கியங்களாக வந்தன. உன் பெயரை மேலே எழுதிய பிறகுதான் அவை நின்றன. அதனால் உனக்கு எழுதியதையே அங்கே படிக்கப் போகிறேன். முதலில் நீ படி.

அந்த மையம் உனக்குத் தெரியும். கோலா சிலாங்கூரில், கடைவீதிக்குப் பின்னால், ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். பள்ளி வயது முடிந்தபின் அண்ணனைப் போல மெதுவாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் போக இடமில்லை; வாசலில் ஒரு நாற்காலி, டிவி, மூன்று வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான் வாழ்க்கை. டீச்சருக்கு அது பிடிக்காது. "ஊருக்குள்ள இருக்கிற புள்ளைங்கள ஊருதான் பாத்துப் பழகணும். நாலு செவத்துக்குள்ள வெச்சு என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்பார். அதனால் பாசாரில் காய் வாங்குவது, கிளினிக்கில் எண் எடுத்து உட்கார்வது, உணவுக்கடையில் தனக்கு வேண்டியதைத் தானே சொல்வது என்று எல்லாப் பாடமும் வெளியில்தான் நடக்கும். அண்ணனுக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் பஸ் பழக்கத் தொடங்கியபோது அவர் வைத்திருந்த முறை எனக்கு இன்றும் மனப்பாடம். முதல் மாதம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவார். இரண்டாம் மாதம் நான்கு இருக்கை தள்ளி உட்கார்வார். மூன்றாம் மாதம் காரில் பஸ்ஸுக்குப் பின்னால் வருவார். நான்காம் மாதம் வர மாட்டார்.

காலையில் போவது சுலபம். பஸ் கோலா சிலாங்கூரில் போய் நின்றுவிடும், எல்லோரும் இறங்குவார்கள், அவனும் இறங்குவான். திரும்பி வருவதுதான் பாடம். அந்த பஸ் கிள்ளானுக்குப் போவது. நம் தோட்டத்துச் சாலை பிரியும் சிம்பாங்கில், யாராவது பெல் அடித்தால்தான் நிற்கும். இடது பக்கம் மஞ்சள் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் கம்பத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அவன் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

இரண்டாம் மாதத்தின் கடைசி நாளில் நானும் வேலை முடிந்து அதே பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். தொட்டி வந்தது, அவன் அமுக்கவில்லை. நான் எழப் போனேன். டீச்சர் திரும்பிப் பார்த்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். பஸ் சிம்பாங்கைத் தாண்டிப் போய் அடுத்த நிறுத்தத்தில் நின்றது. அங்கிருந்து மூவரும் வெயிலில் நடந்து வந்தோம். லோரிகள் காதுக்குப் பக்கத்தில் போயின. அவன் அழுதுகொண்டே நடந்தான். சட்டை முழுக்க வேர்வை. "அழட்டும் ஜெபா அம்மா. கால் வலிச்சாத்தான் கை பொத்தானுக்குப் போகும். அடுத்த வாரம் அமுக்குவான், நீங்க பாருங்க" என்றார் டீச்சர். இந்த முறையைப் பற்றி நூலகத்தில் நானே தேடிப் படித்திருந்தேன். ஒருவர் தவறு செய்வதற்கும் உரிமை வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். ஆனால் அன்று என் பிள்ளை அழுதுகொண்டே நடந்தான், நான் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அடுத்த நாள், டீச்சர் காருக்கு மாறும் நாள், காலையில் அந்த பஸ் டிரைவர் முனியாண்டி அண்ணனிடம் போனேன். "அண்ணே, நாலு மணி டிரிப்புல என் பெரியவன் வருவான். அவன் பெல் அடிக்கலன்னாலும் சிம்பாங்குல கொஞ்சம் நிறுத்திருங்க. டீச்சருக்குத் தெரிய வேணாம்" என்றேன். அவர் சிரித்தார். "இதுக்குப் போயி இவ்ளோ தூரம் வந்தியா தங்கச்சி? நம்ம புள்ளதானே, நான் நிறுத்திடுறேன்."

நாம் அப்படித்தான் வளர்ந்தோம், தம்பி. தோட்டத்தில் எந்தக் காரியமும் நேராக நடக்காது. மண்டோரிடம் சொல்லி வைத்தால் வேலை, ஆபீஸ் கிராணியிடம் சொல்லி வைத்தால் லயத்தில் வீடு, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் சொல்லி வைத்தால் மருந்து. தோட்டம் போய், லயம் போய், இந்த மலிவு விலை வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சொல்லி வைப்பதுதான் அன்பு என்று நினைத்தேன். அதற்கு முன்பே லெட்சுமி அக்கா கடையில் சொல்லி வைத்திருந்தேன்: ஜெபா வந்து ஐஸ் பெட்டியைத் திறந்து சோயா தண்ணி எடுத்தால் எடுக்கட்டும், நான் பிறகு வந்து காசு கொடுத்துவிடுகிறேன் என்று. அக்கா விளையாட்டுக்கு அவனை மறிப்பாள். "டேய், யாரக் கேட்டு எடுத்த?" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே, "அம்மா சொல்லிட்டாங்க" என்பான். கடையில் நிற்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரித்திருக்கிறாய். அவன் தெளிவாகப் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான். எனக்கு அது பெருமையாக இருந்தது.

நான்காம் மாதம் அவன் தனியாகப் போய்வந்தான். ஒரு முறையும் தவறவில்லை. ஆறு பேரில் அவன்தான் முதல். மையத்துச் சுவரில் அவன் படத்தை ஒட்டினார்கள், கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஒரு நாள் முனியாண்டி அண்ணன் என்னிடம், "தங்கச்சி, இப்பல்லாம் தொட்டியப் பாத்ததும் கைய தூக்குறான். ஆனா அதுக்குள்ள நான் பிரேக் போட்டுடுறேன், கைய எறக்கிக்கிறான்" என்றார். அப்போதாவது நான் இனி நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று விட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, "இல்லம்மா, இப்பக் கைய தூக்குறதில்ல. சும்மா ஒக்காந்திருக்கான், நான் நிறுத்துனதும் எறங்கிடுறான்" என்றார். அவன் கற்றுக்கொண்டிருந்தான், அருள். டீச்சர் சொன்ன மாதிரியே அவன் கை பொத்தானுக்குப் போயிருந்தது. அது போய்ச் சேருவதற்கு முன் ஒவ்வொரு நாளும் பஸ்ஸை நிறுத்தி அந்தக் கையைக் கீழே இறக்கியவள் நான்.

அந்த நாளை உனக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நான்கு மணிக்குச் சிம்பாங்கில் மோட்டர் சைக்கிளோடு நிற்க வேண்டிய நீ, கல்லூரி நண்பர்களோடு பந்து விளையாடிவிட்டு நாலரைக்கு வந்தாய். அண்ணனைக் காணோம். இறங்கி, உன்னைக் காணாமல், எங்கோ நடந்துவிட்டான் என்று நினைத்தாய். எனக்கு போன் செய்தாய். "நான் லேட்டும்மா, நான் லேட்டும்மா" என்று மட்டும் சொன்னாய். பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லோரும் செம்பனைத் தோப்புக்குள் இறங்கினார்கள். சிலர் கால்வாய் ஓரமாகக் கம்பை விட்டுப் பார்த்துக்கொண்டே போனார்கள். நீ வரிசை வரிசையாக ஓடினாய், முள் குத்திக் கால் முழுக்க ரத்தம். உனக்குத் தெரியாதது ஒன்றுதான். உன் போனை வைத்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. முனியாண்டி அண்ணன் இன்று லீவாக இருந்தால், என்று என் மனம் சொன்னது. உன் அண்ணன் இறங்கியே இருக்க மாட்டான், பஸ் நிற்கும் நிற்கும் என்று உட்கார்ந்தபடியே கிள்ளானுக்குப் போயிருப்பான்.

ஐந்தேகாலுக்கு டீச்சர் காரில் வந்து இறங்கினார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஜெபா அம்மா, அவன் பெல் அடிச்சு எறங்குறவன்தானே? ஒரு தடவகூட தப்புனதில்லயே?" என்று கேட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். சுவரில் ஒட்டிய படமும் கைதட்டலும் எனக்கு ஞாபகம் வந்தன. "இல்ல டீச்சர். எறங்கியிருப்பான்" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டு நானும் தோப்புக்குள் போய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் அங்கே இல்லை என்று தெரிந்தே கூப்பிட்டேன். ஆறரை மணிக்கு, இனிமேல் தாங்க முடியாது என்று ஆனபோது, இப்போதுதான் தோன்றியது போல, "எதுக்கும் கிள்ளான் பஸ் ஸ்டேஷன்ல கேட்டுப் பாருங்களேன்" என்று டீச்சரிடம் சொன்னேன்.

உன் போன் வந்த நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில் இரண்டு மணி நேரம். பஸ் கிள்ளானைச் சேரும்போது ஐந்து மணி இருக்கும். எல்லோரும் இறங்கினார்கள், அவனும் இறங்கினான். வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். தாகம் எடுத்திருக்கிறது. ஆறு மணி வாக்கில் பக்கத்தில் ஒரு கடைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு சோயா தண்ணி எடுத்துக் குடித்துவிட்டு வெளியே நடந்திருக்கிறான். கடை ஆட்கள் பிடித்துவிட்டார்கள். தள்ளியதில் சாக்கடை விளிம்பில் கையை ஊன்றி விழுந்தான். முன் பல் இரண்டு போயிற்று. அவன் பையில் மாற்றுத்திறனாளிக்கான ஓகேயு கார்டு இருந்தது, பையை யாரும் திறக்கவில்லை. அந்த வழியாக வந்த ஒரு மலாய்க்காரப் பெண்தான் அதை எடுத்துக் காட்டி, போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

நான் பிறகு ஒரு நாள், உன்னிடம் வேலைக்கு என்று சொல்லிவிட்டு, அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பையன் ஒருவன் கண்ணைப் பார்க்காமல் பேசினான். "அடிக்கணும்னு அடிக்கலக்கா. காசு எங்கன்னு கேட்டோம். சிரிக்கிறான். கேக்கக் கேக்க 'அம்மா சொல்லிட்டாங்க, அம்மா சொல்லிட்டாங்க'ன்னு அதையே சொல்றான். எங்களக் கிண்டல் பண்றான்னு நெனச்சிட்டாங்க. யாரு அம்மா, யாருகிட்ட சொன்னாங்கன்னு எங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" நான் சண்டை போடாமலே திரும்பினேன். கீழே விழுந்த பிறகும் உன் அண்ணன் அதைத்தான் சொன்னானாம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் முனியாண்டி அண்ணன் வந்து நின்றார். "நேத்து எனக்கு லீவு தங்கச்சி. வேற ஆளு ஓட்டுனான். அவன்கிட்ட சொல்ல மறந்துட்டேன், பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரையும் கேட்டுக்கொண்டேன். அதையும் ஒருவரிடம் சொல்லி வைத்தேன், பார். உள்ளே நீ அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாய். "என்னாலதாம்மா" என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு கணத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால், உன்னுடைய இந்த இரண்டு வருடமும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நீ அன்றைக்கு நேரத்துக்கு வந்திருந்தால், பஸ் நிற்காமல் போவதைப் பார்த்துத் துரத்தியிருப்பாய் என்று நீ சொல்வாய். உண்மைதான். அதை நான் உன்னிடமிருந்து எடுத்துவிட முடியாது. நீ அரை மணி நேரம் தாமதம், அது உன்னுடையது. பத்தொன்பது வயதில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவனுக்கு அந்த அரை மணி நேரத்துக்குரிய வருத்தம் போதும். மற்றதெல்லாம் என்னுடையது. அதை இரண்டு வருடமாக நீ சுமக்க நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து விளையாடும் பூட்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டாய். சுங்கை புரோங் அரிசி மில்லில், நீ படித்ததற்குச் சம்பந்தமே இல்லாத வேலையில், மூன்றரைக்கு முடிகிற ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். தினமும் வீட்டுக்கு வரும் வழியில் நான்கு மணி பஸ் போகும்வரை சிம்பாங்கில் மோட்டரை நிறுத்திக்கொண்டு நிற்கிறாயாமே, லெட்சுமி அக்கா சொன்னாள். "யாருக்குடி நிக்கிறான் ஒஞ் சின்னவன்? பெரியவன்தான் இப்ப பஸ்ஸே ஏறுறதில்லயே" என்று கேட்டாள்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். சாமியார் மன்னிப்பு வழங்கினார். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் அடிபட்டது அவர் அல்ல. போன மாதம் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசைமேல் இருந்த கோப்புகளை வெகு நேரம் அடுக்கிக்கொண்டே இருந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஒங்க புள்ளயா இருந்தா தனியா பஸ்ஸுல விடுவீங்களா?" என்று அவரைக் கேட்டதும், அவர் எல்லோர் முன்னும் தனியாக நின்றதும், நான் கடைசி வரிசையில் குனிந்துகொண்டதும் எங்கள் இருவருக்குமே ஞாபகம் இருந்தது. "நீங்க இத அன்னைக்கே சொல்லியிருந்தா, மத்த அஞ்சு பேரும் பஸ் பாடத்த நிறுத்தியிருக்க மாட்டாங்க" என்றார். "கவிதாவுக்கு ரொட்டிக் கடையில வேல ரெடியா இருந்திச்சு. இன்னும் ரெண்டு வாரம், தனியா போயிருப்பா. அவங்கப்பா பயந்து நிறுத்துனாரு. இப்ப வாசல்ல ஒக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கா. என் மொறதான் தப்புன்னு நெனச்சு நானும் பஸ் பாடத்தையே விட்டுட்டேன்." நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "அருளுகிட்ட சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப என்கிட்ட எதுக்கு மொதல்ல வந்தீங்க?" என்றார்.

உனக்கு நான் அறிவுரை சொல்லும் நிலையில் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன், நாளை உனக்கும் யாராவது பொறுப்பாக வருவார்கள். ஒருவர் கையைத் தூக்குவதற்குக் கொஞ்சம் நேரம் கொடு. அது எவ்வளவு நேரமானாலும் பக்கத்தில் நின்று பார்க்கப் பழகு. எனக்கு அந்தத் தெம்பு இல்லாமல் போயிற்று. நான் அவன் அழுகையைப் பொறுக்க முடியாமல் செய்ததை அவனுக்காகச் செய்ததாக இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணனைப் பற்றிக் கேட்பாய். நீ இங்கே இருப்பதால் அவன் பஸ் ஏறப் போவதில்லை. போன மூன்று வாரமாக, நீ மில்லுக்குப் போன பிறகு, காலையில் நானும் அவனும் சிம்பாங்குக்கு நடந்து போகிறோம். பஸ் வந்து நிற்கும். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விடுவான். பஸ் போய்விடும். திரும்பி வருகிறோம். டீச்சர் தன் முதல் மாதத்துக்கும் முந்தைய ஒரு மாதமாக இதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது எத்தனை மாதமாகும் என்று அவருக்கும் தெரியவில்லை. அவன் ஒருவேளை இனி ஏறாமலே போகலாம். அதோடு வாழ வேண்டியவள் நான். அதற்கு உன்னைத் துணைக்கு வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

இதை உன் மோட்டர் சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டுக்கு மேல் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ எழுதும் பதில் உன்னுடைய பதிலாக இருக்கட்டும். இனி என்னோடு பேசப் பிடிக்காமல் போனாலும் எனக்குப் புரியும். சோறு மேசையில் மூடி இருக்கும், போட்டுச் சாப்பிடு.

நேற்று, நீ போவாய் என்று வைத்துக்கொண்டு, பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தி மகளுக்கு போன் செய்தேன். ஒரு நல்ல அறை பார்க்கவும், ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சாப்பிடக் கூப்பிடவும், காய்ச்சல் வந்தால் எனக்குத் தெரிவிக்கவும் அவளிடம் சொல்லலாம் என்று. மணி மூன்று முறை அடித்தது. "ஹலோ, யாரு?" என்றாள். போனை வைத்துவிட்டேன். பினாங்குப் பக்கம் எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். உனக்காக நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

அம்மா